மோட்டார்ஹோமில் லண்டன் வருகிறவர்களுக்கு: இரவில் வண்டியை எங்கே விடுவது?

ஒவ்வொரு கோடையிலும் பாடசாலை விடுமுறை தொடங்கியதும் ஜேர்மனியிலிருந்தும் சுவிஸிலிருந்தும் பிரான்ஸிலிருந்தும் எனக்கு ஒரே கேள்வி வரும். "அண்ணா, மோட்டார்ஹோமில் லண்டன் வருகிறோம். இரவில் வண்டியை எங்கே விடலாம்?" மோட்டார்ஹோம் என்றால் படுக்கை, சமையலறையோடு வீடுபோல் அமைந்த வண்டி. கேட்பவர் ஏற்கெனவே டோவர் துறைமுகத்தில் இறங்கிவிட்டார் என்றால் என்னால் பெரிதாக உதவ முடியாது. இரண்டு மாதம் முன்னர் கேட்டால் நிறையவே உதவலாம். அந்த இரண்டு மாதத்தில் செய்ய வேண்டியவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஜேர்மனியில் ஓடிப் பழகியவர்களுக்கு லண்டன் கொஞ்சம் அதிர்ச்சியாக இருக்கும். அங்கே ஊருக்கு ஊர் மோட்டார்ஹோம் தரிப்பிடம் உண்டு. ஆற்றங்கரையோரமாக நிறுத்தி, இயந்திரத்தில் சில யூரோவைப் போட்டுவிட்டுத் தூங்கலாம். லண்டனுக்குள் அப்படி ஒரு வழக்கமே வளரவில்லை. இது போதாதென்று ஈஸ்ட் ஹாமில் இருக்கும் சித்தப்பா தொலைபேசியில் சொல்லுவார்: "எங்கள் வீதியில் எவ்வளவோ இடம் இருக்கிறது, நேரே வீட்டுக்கு வாருங்கள்." அன்பில் சொல்வதுதான். ஆனால் அவர் மனக்கண்ணில் தெரிவது அவருடைய கார் நிற்கும் இடம். உங்கள் வண்டி அதைப்போல ஒன்றரை மடங்கு நீளம்.

ஆகவே என் ஆலோசனை ஒன்றுதான்: வண்டி நகரத்தின் ஓரத்தில் நிற்கட்டும், நீங்கள் ரயிலில் சித்தப்பா வீட்டுக்குப் போங்கள். அதை எப்படி ஒழுங்கு செய்வது என்று படிப்படியாகப் பார்ப்போம்.

முதல் வேலை: வண்டியை அளந்து பாருங்கள்

விற்பனைப் புத்தகத்தில் போட்டிருக்கும் அளவை நம்ப வேண்டாம். அளவுநாடாவை எடுத்து நீங்களே அளந்து பாருங்கள். பக்கக் கண்ணாடிகளை விரித்து வைத்து அகலத்தை அளக்க வேண்டும். கூரையில் இருக்கும் குளிரூட்டி, அலைவாங்கி, சூரியத் தகடு எல்லாம் உயரத்தில் சேரும். பின்னால் சைக்கிள் தாங்கி இருந்தால் அது நீளத்தில் சேரும். எங்கள் வண்டி புத்தகத்தின்படி 2.3 மீட்டர் அகலம், கண்ணாடிகளோடு 2.7. நீளம் 7.4. உயரம் 3 மீட்டருக்கு ஒரு விரற்கடை குறைவு.

அளந்ததை அடி, அங்குலத்துக்கு மாற்றி ஒரு தாளில் எழுதிச் சாரதியின் கண்ணெதிரே ஒட்டிவிடுங்கள். இந்த நாட்டில் பாலத்தின் உயரத்தையும் வீதியின் ஒடுக்கத்தையும் இன்றும் பல பலகைகளில் அடிக் கணக்கில்தான் சொல்வார்கள். இரவு மழையில் பின்னால் லொறி நெருங்கும்போது யாருக்கும் வகுத்தல் கணக்கு ஓடாது. 10 அடி என்பது 3.05 மீட்டர். 7 அடி என்பது 2.13 மீட்டர்.

அந்த 7 அடியைக் காரணத்தோடுதான் சொல்கிறேன். லண்டனின் குடியிருப்பு வீதிகள் பலவற்றில், பெரிய வண்டிகள் குறுக்குவழியாகப் புகாதபடி இரண்டு பக்கமும் தூண் நட்டு நடுவில் 7 அடி மட்டும் விட்டிருப்பார்கள். சில இடங்களில் 6 அடி 6 அங்குலம். கார் போகும், மோட்டார்ஹோம் போகாது. எங்கள் முதல் பயணத்தில், மைத்துனர் வீட்டுக்கு 300 மீட்டர் இருக்கும்போது இப்படி ஒன்றின் முன்னால் போய் நின்றோம். இரவு 11 மணி. பின்னால் இரண்டு கார்கள். மைத்துனர் சாரத்தோடு ஓடிவந்து கைபேசி வெளிச்சம் காட்ட, அந்த ஒடுங்கிய வீதி முழுவதையும் நான் பின்னோக்கியே ஓட்டி வெளியேறினேன். ஒவ்வொரு ஜன்னல் திரைக்குப் பின்னாலும் ஒரு முகம் தெரிந்தது. வீட்டுக்காரியின் முகத்தை நான் திரும்பிப் பார்க்கவில்லை.

நான்காவது எண் எடை. பதிவுப் பத்திரத்தில் இருக்கும் அனுமதிக்கப்பட்ட மொத்த எடையைப் பாருங்கள். தராசு காட்டும் எடை இங்கே கணக்கில் வராது. அது 3.5 தொன்னுக்குள்ளா, மேலேயா என்பதில்தான் அடுத்த படி தங்கியிருக்கிறது. பிரித்தானிய அனுமதிப்பத்திரத்தில் ஓட்டுபவர்களுக்கு இன்னொரு விடயமும் உண்டு: 1997 ஜனவரி 1இலோ அதற்குப் பின்னோ சாதாரணக் கார்ச் சோதனை சித்தியடைந்தவர்கள் 3.5 தொன்னுக்கு மேற்பட்ட டீசல் மோட்டார்ஹோம் ஓட்ட சி1 வகுப்புத் தனியாக எடுத்திருக்க வேண்டும். ஐரோப்பாவிலிருந்து வரும் அத்தானிடம் "கொஞ்சம் நான் ஓட்டிப் பார்க்கிறேன்" என்று சாவியை வாங்கும் லண்டன் மருமகன்கள் இதைக் கவனிக்க.

இரண்டாவது: புகைக் கட்டணம்

2023 ஆகஸ்ட் 29 முதல் லண்டன் பெருநகரின் எல்லாப் பகுதிகளும் யூலெஸ் எனப்படும் மிகக்குறைந்த புகை வலயத்துக்குள் வந்துவிட்டன. நகரைச் சுற்றி ஓடும் எம்25 நெடுஞ்சாலை இதில் சேராது. டீசல் வண்டி யூரோ 6 தரத்திலும் (யூரோ என்பது இங்கே ஐரோப்பியப் புகைத் தரத்தின் பெயர், இலக்கம் கூடக் கூடப் புகை குறைவு) பெட்ரோல் வண்டி யூரோ 4 தரத்திலும் இருந்தால் கட்டணம் இல்லை. இல்லாவிட்டால் நாளுக்கு 12.50 பவுண்ட்.

இது 3.5 தொன் வரையான வண்டிக்கு. அதைத் தாண்டிய மோட்டார்ஹோம் பார வண்டிகளுக்கான பழைய புகை வலயத்தின் கீழ் வரும். அங்கே யூரோ 6 இல்லையென்றால் நாளுக்கு 100 பவுண்ட். யூரோ 4 கூட இல்லையென்றால் 300. விலை மலிவென்று இருபது வருடப் பழைய பெரிய வண்டியொன்றை வாங்கியவர்கள், லண்டனுக்குள் ஓட்டும் எண்ணத்தை இந்த இடத்திலேயே விட்டுவிட்டு எம்25க்கு வெளியே ஓர் இடம் பார்ப்பது நல்லது.

வெளிநாட்டு இலக்கத் தகடு உள்ள வண்டிக்கு இன்னும் ஒரு வேலை இருக்கிறது. உங்கள் வண்டி புத்தம் புதிய யூரோ 6 ஆக இருந்தாலும் அது லண்டன் கமராக்களுக்குத் தெரியாது. லண்டன் போக்குவரத்து நிர்வாகத்தின் தளத்தில் பதிவுப் பத்திரத்தின் பிரதியோடு முன்கூட்டியே பதிய வேண்டும். பதியாமல் வந்தால், கட்டணம் கட்டத் தேவையே இல்லாத வண்டிக்குத் தண்டப்பணக் கடிதம் வீடு தேடி வரும். பிறகு விளக்கக் கடிதம் எழுதிக்கொண்டிருக்க வேண்டும். முழங்கையை மேசையில் ஊன்றி ஒரு மாலை நேரம் செலவழித்தால் முடிகிற வேலை இது. பயணத்துக்குச் சில வாரம் முன்னரே செய்துவிடுங்கள்.

பலருக்குத் தெரியாத ஒரு சலுகையும் உண்டு. கட்டணம் வண்டி ஓடும் நாளுக்கு மட்டும்தான். நிற்கும் நாளுக்கு இல்லை. திங்கள் வந்து நிறுத்தி, வெள்ளி புறப்பட்டால் இரண்டு நாள் கட்டணமே. ஆனால் நாள் என்பது நள்ளிரவிலிருந்து நள்ளிரவு வரை. இரவு 11.45க்கு வலயத்துள் நுழைந்து 12.10க்குத் தரிப்பிடத்தை அடைந்தால் இரண்டு நாள் ஆகிவிடும்.

நகர மையத்தின் நெரிசல் கட்டணத்தைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. இந்த வண்டியை அங்கே கொண்டு போவதற்கு ஒரு காரணமும் கிடையாது.

மூன்றாவது: இடத்தைத் தெரிவு செய்தல்

உறவினர் எந்தப் பக்கம் இருக்கிறார், நீங்கள் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறீர்கள் என்ற இரண்டையும் வரைபடத்தில் போட்டுவிட்டு முடிவெடுங்கள்.

டோவரிலிருந்து வருபவர்களுக்கு நான் முதலில் சொல்வது தென்கிழக்கு லண்டனில் இருக்கும் அபி வூட். கரவன் அண்ட் மோட்டார்ஹோம் கிளப் நடத்தும் முகாம் அது. உறுப்பினர் அல்லாதவர்களும் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்துத் தங்கலாம். மரங்கள் நிறைந்த சரிவான நிலம். தேம்ஸுக்குத் தென்பக்கம் என்பதால் டோவர் வழியாக வரும்போது ஆற்றைக் கடக்கவே தேவையில்லை. இவற்றையெல்லாம்விடப் பெரிய காரணம், நடந்து போகக்கூடிய தூரத்தில் ரயில் நிலையம் இருக்கிறது. 2022 மே மாதத்திலிருந்து அங்கே எலிசபெத் பாதை ரயில் ஓடுகிறது. நகர மையத்துக்கு அரை மணிக்குள் போய்விடலாம். வைட்சப்பலில் மாறினால் ஈஸ்ட் ஹாம். லிவர்பூல் ஸ்ட்ரீட்டில் இறங்கி மூர்கேட் பக்கமாக நடந்து நோர்தர்ன் பாதையைப் பிடித்தால் டூட்டிங். ஆகஸ்டில் ஈலிங் கனகதுர்க்கை அம்மன் தேருக்கு வருகிறவர்களுக்கு அதே பாதையிலேயே வெஸ்ட் ஈலிங் நிலையம் இருக்கிறது. தேரன்று அந்தச் சுற்றுவட்டாரத்தில் காருக்கே இடம் கிடையாது. 7 மீட்டர் வண்டியோடு போவது அம்மனைச் சோதிப்பது போல.

குறை என்னவென்றால், இந்தக் காரணங்கள் எல்லோருக்கும் தெரியும். ஜூலை, ஆகஸ்ட் வார இறுதிகள் மாதக்கணக்கில் முன்னரே நிரம்பிவிடும்.

வடக்குப் பக்கம் லீ பள்ளத்தாக்கில் இரண்டு முகாம்கள் இருக்கின்றன. ஒன்று எட்மண்டனில், அங்கிருந்து டபிள்யூ8 பஸ் எட்மண்டன் கிரீன் ரயில் நிலையத்துக்குப் போகும். இது யூலெஸ் வலயத்துக்கு உள்ளே. மற்றது செவர்ட்ஸ்டோன், சிங்ஃபர்டுக்கு வடக்கே. எனக்குப் பிடித்தது இதுதான். லண்டன் அஞ்சல் குறியீடு பெற்றிருந்தும் லண்டன் பெருநகருக்கு வெளியே, எசெக்ஸில் இருக்கும் ஒரே ஊர் இது என்பார்கள். அந்த விசித்திரம் நமக்கு உதவுகிறது: எம்25இன் 26ஆம் வெளியேற்றத்தில் இறங்கி வொல்தம் அபி வழியாக ஏ112இல் தெற்கே வந்தால் பெருநகர எல்லையைத் தொடாமலே முகாமை அடையலாம். பழைய டீசல் வண்டி வைத்திருப்பவர்கள் அஞ்சல் குறியீட்டைப் போக்குவரத்து நிர்வாகத்தின் வரைபடத்தில் போட்டு ஒருமுறை சரிபார்த்துவிட்டு வாருங்கள். முகாமை ஒட்டியே 215ஆம் இலக்க பஸ். அது வொல்தம்ஸ்டோ சென்ட்ரலுக்குப் போகும், அங்கிருந்து விக்டோரியா பாதை. பஸ்ஸில் நேரம் கொஞ்சம் போகும்தான். மாலையில் பசும்புல்லில் கதிரை போட்டுத் தேநீர் குடிக்கும்போது அது மறந்துபோகும்.

வெம்பிளி, ஹரோ, ஹேய்ஸ் பக்கம் உறவுகள் உள்ளவர்களுக்கு நல்ல விடை என்னிடம் இல்லை. மேற்கு லண்டனுக்குள் பொருத்தமான முகாம் கிடையாது. சரேயில் தேம்ஸ் கரையோரம் செர்ட்சி முகாம் அழகானது, வலயத்துக்கு வெளியே இருப்பது. ஆனால் வெம்பிளிக்குப் போய்ச் சேர ஒன்றரை மணி நேரம் ஒதுக்க வேண்டும். நானாக இருந்தால் அபி வூட்டிலிருந்தே போய்வருவேன்.

நான்காவது: பதிவு செய்யும்போது கேட்க வேண்டியவை

இணையத்தில் இடம் காட்டுகிறது என்பதற்காகப் பணத்தைக் கட்டிவிடாதீர்கள். வண்டியின் முழு நீளத்தைச் சொல்லி, அந்த நீளத்துக்கான தளம் தருவார்களா என்று கேளுங்கள். கடினத் தளமா, புல் தளமா? இரண்டு நாள் மழை பெய்தால் 4 தொன் வண்டி புல்லில் புதைந்துவிடும். மின் இணைப்பு உண்டா? ஐரோப்பாவில் பாவிக்கும் நீல நிற மூன்று முனைச் செருகி இங்கேயும் பொருந்தும். வருகைக்கான கடைசி நேரம் எது? இதைக் கேட்காமல் விடுபவர்கள்தான் அதிகம் துன்பப்படுகிறார்கள். பல முகாம்களில் இரவு 8 மணியளவில் அலுவலகம் மூடிவிடும்.

கப்பல் பிந்தி இரவு 9க்கு டோவரில் இறங்கினால் லண்டனை நோக்கி ஓட வேண்டாம். கன்டர்பரியில் நியூ டோவர் ரோட் பார்க் அண்ட் ரைடில் (வண்டியை விட்டுவிட்டு பஸ்ஸில் நகருக்குள் போகும் தரிப்பிடம்) மோட்டார்ஹோம்களுக்கென ஒரு பகுதி இருக்கிறது. அங்கே இரவைக் கழித்துவிட்டுக் காலையில் தேவாலயத்தையும் பார்த்துவிட்டு வரலாம்.

இன்னுமொன்று, தரிப்பிடத்தோடு சம்பந்தமில்லாதது, ஆனால் டோவரில் இறங்கும் எல்லோருக்கும் உரியது: 2025 ஏப்ரல் 12 முதல் ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து ஆடு, மாடு, பன்றி இறைச்சியும் பால் பொருட்களும் தனிப்பட்ட பாவனைக்குக் கொண்டுவரத் தடை வந்துவிட்டது. அம்மா கட்டித் தந்த ஆட்டிறைச்சிக் கறியைக் கலே துறைமுகத்திலேயே சாப்பிட்டு முடியுங்கள்.

ஐந்தாவது: வழி

காருக்கான வழிகாட்டிச் செயலியை லண்டனுக்குள் பாவிக்காதீர்கள். அது உங்களை ரொதர்ஹைத் சுரங்கத்துக்குள் அனுப்பப் பார்க்கும். அங்கே உயர எல்லையும் அகல எல்லையும் 2 மீட்டர்தான். வண்டியின் அளவுகளைக் கொடுக்கக்கூடிய, பெரிய வாகனங்களுக்கான செயலி ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். அதன் விலை ஒரு தண்டப்பணத்தைவிடக் குறைவு. சிவப்பு வட்டத்துக்குள் லொறிப் படத்தோடு 7.5 தொன் என்று இருந்தால் அது சரக்கு வாகனத்துக்கு, உங்களுக்கு அல்ல. படமில்லாமல் எடை மட்டும் எழுதியிருந்தால் அது எல்லோருக்கும். பெரும்பாலும் பலவீனமான பாலமாக இருக்கும்.

கிழக்கே ஆற்றைக் கடக்க வேண்டுமென்றால் டார்ட்போர்ட். காலை 6 முதல் இரவு 10 வரை கட்டணம்; 9 இருக்கை வரையான மோட்டார்ஹோமுக்குக் காரின் கட்டணமே, 2025 செப்டெம்பர் முதல் 3.50 பவுண்ட். அங்கே காசு வாங்கும் சாவடி கிடையாது. இணையத்தில்தான் கட்ட வேண்டும், மறுநாள் நள்ளிரவுக்குள்.

இடம் கிடைக்காவிட்டால்

முகாம் எல்லாம் நிரம்பிவிட்டது, ஓர் இரவைக் கழித்தே ஆக வேண்டும் என்றால் எம்25 ஓரத்துச் சேவை நிலையங்கள் இருக்கின்றன: 23ஆம் வெளியேற்றத்தில் சவுத் மிம்ஸ், 30, 31க்கு அருகே தரொக், 5க்கும் 6க்கும் நடுவில் கிளாக்கெட் லேன், 9க்கும் 10க்கும் நடுவில் கோபம். முதல் 2 மணி நேரம் இலவசம், அதற்குப் பின் கட்ட வேண்டும். குளிர்சாதன லொறிகள் இரவு முழுவதும் இரைந்துகொண்டிருக்கும். அவற்றிலிருந்து எவ்வளவு தள்ளி நிறுத்த முடியுமோ அவ்வளவு தள்ளி நிறுத்துங்கள்.

வீதியில் நிறுத்தித் தூங்கலாமா? வாகனத்துக்குள் தூங்குவதையே குற்றமாக்கும் பொதுச் சட்டம் இங்கில்லை. தடை வருவது தரிப்பு விதிகளிலிருந்து. இரட்டை மஞ்சள் கோட்டில் எப்போதும் நிறுத்த முடியாது. ஒற்றை மஞ்சளில் பலகையில் எழுதிய நேரத்துக்குப் பின் நிறுத்தலாம், ஆனால் பெரும்பாலும் காலை 8 மணியளவில் தடை நேரம் திரும்பத் தொடங்கிவிடும். சிவப்புக் கோட்டில் கனவிலும் நிறுத்தாதீர்கள். குடியிருப்பாளர் அனுமதி வலயங்களில் நுழைவாயில் பலகையிலேயே நேரம் எழுதியிருக்கும், அதைத் தவறவிட்டால் வீதிக்குள் மறுபடி எழுதியிருக்க மாட்டார்கள். சித்தப்பாவின் விருந்தினர் அனுமதி சில பரோக்களில் (லண்டனின் உள்ளூராட்சிப் பிரிவுகள்) பெரிய வாகனத்துக்குச் செல்லாது. பணம் கட்டு முன் அவரைக் கேட்கச் சொல்லுங்கள். நடைபாதையில் ஒரு சக்கரத்தை ஏற்றி வைப்பதும் லண்டனில் 1974 சட்டத்தின்படி தவறு, அனுமதிப் பலகை இருந்தாலொழிய. தண்டம் 160 பவுண்ட் வரை போகும். 14 நாளுக்குள் கட்டினால் பாதி.

இரவில் வண்டி ஓடும் திசையைப் பார்த்தபடிதான் நிறுத்த வேண்டும் என்பதும் விதி. இங்கேதான் ஐரோப்பிய வண்டிக்காரர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். உங்கள் வண்டியின் வீட்டுக் கதவு வலப்பக்கத்தில் இருக்கிறது. இங்கே இடப்பக்கமாக ஓட்டி இடப்பக்க ஓரத்தில் நிறுத்தினால் அந்தக் கதவு நடுவீதியில் திறக்கும். அதிகாலையில் அரைத் தூக்கத்தில் பிள்ளை கதவைத் திறந்து காலை வைப்பது பஸ் ஓடும் தடத்தில். பிள்ளைகளோடு வருகிறவர்கள் லண்டன் வீதியில் இரவு தங்க வேண்டாம் என்று நான் வற்புறுத்துவதற்கு இது ஒன்றே போதும்.

பல்பொருள் அங்காடிகளின் தரிப்பிடங்களில் 2.1 மீட்டர் அளவில் உயரத்தடை இருக்கும், இல்லாத இடத்தில் கமரா இருக்கும். சித்தப்பா வீட்டு முற்றம் பெரியதென்றால் மட்டும், அவரை ஓர் அளவுநாடாவோடு வெளியே போகச் சொல்லி, வாசல் படியிலிருந்து நடைபாதை விளிம்பு வரை எத்தனை மீட்டர் என்று கேளுங்கள். பெரும்பாலும் 5 மீட்டர் என்று பதில் வரும். பேச்சு அத்தோடு முடிந்துவிடும்.

விருந்துக்குப் பிறகு ஒரு விடயம். வீதியில் நிற்கும் வண்டிக்குள் மது அருந்திவிட்டுத் தூங்கினாலும், சாவி உங்களிடம் இருந்தால், 1988 வீதிப் போக்குவரத்துச் சட்டத்தின்படி வாகனத்தின் பொறுப்பில் இருந்ததாகக் குற்றம் சாட்டலாம். ஓட்டும் வாய்ப்பு இருக்கவில்லை என்று நிரூபிப்பது உங்கள் பொறுப்பு. அந்த இரவு சித்தப்பா வீட்டுச் சோபாவில் படுத்துவிடுங்கள், அல்லது கடைசி ரயிலைப் பிடியுங்கள்.

புறப்படும் நாள்

கழிவுத் தொட்டியை முகாமில் அதற்கென இருக்கும் இடத்தில் மட்டும் காலி செய்யுங்கள், வீதி வடிகாலில் அல்ல. தண்ணீரை நிரப்பிக்கொள்ளுங்கள். காலை 7 முதல் 9.30 வரையான நெரிசலில் வெளியேற வேண்டாம். அதற்குப் பின் புறப்பட்டால் நண்பகலுக்கு முன் முகாமையும் விட்டுவிடலாம், வீதியும் இலகுவாக இருக்கும். புகைக் கட்டணம் உள்ள வண்டி என்றால் ஓடிய நாளிலிருந்து மூன்றாம் நாள் நள்ளிரவு வரை கட்ட நேரம் இருக்கிறது. டார்ட்போர்ட்டுக்கு அவ்வளவு தவணை இல்லை. டோவரில் கப்பலுக்கு வரிசையில் நிற்கும்போது, பக்கத்து இருக்கையில் இருப்பவரிடம் கைபேசியைக் கொடுத்து இரண்டையும் கட்டச் சொல்லுங்கள்.